வெளிச்சத்துக்கும் விலை வைத்துவிட்டார்கள்!

மும்பை மாநகரில் இன்று அரசாங்கத்தின் முத்திரை பெற்று எழும்புகிற குடியிருப்புகளில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, விற்பனைக்கென்று எழும்புகிற கோபுரம். மற்றொன்று, குடிசையைப் பறிகொடுத்தவனுக்கென்று எழும்புகிற எஸ்.ஆர்.ஏ. பில்டிங். பல இடங்களில் இரண்டும் ஒரே மனையில், ஒரே பில்டரின் கையால், ஒரே சிமெண்டைக் கொண்டு கட்டப்படுகின்றன. ஆனால் இரண்டுக்கும் சட்டம் ஒன்றல்ல. ஜன்னலைத் திறந்தால் எவ்வளவு வானம் தெரிய வேண்டும், தீப்பிடித்தால் வண்டி எந்த வழியாக உள்ளே வர வேண்டும், ஒரு ஹெக்டேரில் எத்தனை குடும்பங்கள் அடைக்கப்படலாம் என்கிற கேள்விகளுக்கு அவனுக்கு ஒரு விடை, நமக்கு ஒரு விடை.

கட்டட விதி என்றதும் அது ஏதோ எஞ்சினியர்களும் மாநகராட்சி அதிகாரிகளும் பேசிக்கொள்ளும் விவகாரம் என்று நம்மவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். தோழர்களே, ஒதுங்குவதற்கு இது நேரமில்லை. நம் பிள்ளைகள் எந்த அறையில் மூச்சு விடுவார்கள் என்பதை அந்த விதிதான் முடிவு செய்கிறது. இந்த நகரத்தில் உழைப்பாளிக்கு வீடு கிடைக்குமா கிடைக்காதா என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது. அந்த விதிகளைப் புரட்டிப் பார்த்தால் ஓர் உண்மை பளிச்சென்று தெரிகிறது: உயிரைக் காக்கிற விதி ஏழையின் வாசலுக்கு வரும்போது தளர்த்தப்படுகிறது, நிலத்தின் விலையைக் காக்கிற விதியோ ஒருநாளும் ஏழைக்காகத் தளர்த்தப்பட்டதில்லை.

பிளேக் நோய் எழுதிய விதி

இந்த நகரத்துக்கு வெளிச்சத்தின் அருமை தெரியாதா என்றால், நன்றாகவே தெரியும். 1896-இல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. சாவு வீதி வீதியாக நடந்தது. இருண்ட அறைகளும் காற்று நுழையாத சால்களும் அடங்கிய நெரிசல்தான் இந்த நகரத்தின் நோய்க்கூடம் என்று வெள்ளைக்கார சர்க்காரே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1898-இல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் பிறந்தது.

அந்த டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே.பி. ஓர் என்ற அதிகாரி ஒரு கணக்கை முன்வைத்து வாதாடினார். அறுபத்து மூன்றரை டிகிரி விதி என்று அதற்குப் பெயர். ஓர் அறையின் வெளிச்சுவரின் அடியிலிருந்து எதிர்க்கட்டடத்தின் உச்சிக்கு ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோடு அறுபத்து மூன்றரை டிகிரிக்கு மேல் நிமிரக் கூடாது. எளிய தமிழில் சொன்னால், எதிர்க்கட்டடம் எவ்வளவு உயரமோ அதில் பாதியளவு வெற்றிடம் நடுவே இருக்க வேண்டும். 20 மீட்டர் உயரம் என்றால் 10 மீட்டர் இடைவெளி.

அந்த ஆட்சி நம் மக்களுக்கு நன்மை செய்ய வந்த ஆட்சி அன்று. நெரிசலை ஒழிக்கிறோம் என்று சொல்லி ஏழைகளின் வீடுகளை இடித்தார்கள். இடித்த அளவுக்குக் கட்டித் தரவில்லை. ஆனாலும் கீழ்த்தளத்து அறைக்கும் வானம் தெரிய வேண்டும் என்பதை ஒரு கணக்காக எழுதி வைத்தார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்த இந்த உண்மை, சுதந்திர நாட்டில் குடிசைவாசிக்கு வீடு கட்டும்போது மட்டும் எப்படி மறந்துபோயிற்று?

காருக்குக் கணக்கில்லை, மனிதனுக்குக் கணக்கு

1964-இல் எஃப்.எஸ்.ஐ. என்கிற தளப் பரப்புக் குறியீடு இந்த நகரத்துக்கு வந்தது. மனையின் பரப்பு எவ்வளவோ, அதைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்று சொல்லும் எண் அது. 1991-ஆம் ஆண்டு விதிகளில் தீவு நகரத்துக்கு 1.33 என்றும் புறநகருக்கு 1 என்றும் அது நிர்ணயிக்கப்பட்டிருந்தது. அதிகமாகக் கட்டினால் தண்ணீரும் சாக்கடையும் சாலையும் தாங்காது என்பது காரணமாகச் சொல்லப்பட்டது. சரி, அப்படியே இருக்கட்டும்.

ஆனால் நடந்தது என்ன? கட்டக்கூடிய அடியைச் சுருக்கியதும் ஒவ்வொரு அடியின் விலையும் ஏறியது. விலை ஏறிய இடத்தில் எந்தப் பில்டராவது மில் தொழிலாளிக்கும் சுமை தூக்குகிறவனுக்கும் ஒற்றை அறை கட்டி விற்பானா? பெரிய வீடுகளாகக் கட்டினான். விதியில் எது கணக்கில் சேராதோ அதையெல்லாம் வரைபடத்தில் தேடித் தேடிச் சேர்த்தான். வரைபடத்தில் பூந்தொட்டி மேடை என்று இருந்தது, குடிவந்த பிறகு அறையின் பகுதியாயிற்று. வரைபடத்தில் வெற்றிடம் என்று இருந்தது, விற்கும்போது சதுர அடியாயிற்று. இந்தக் கூத்து முற்றிப்போய், 2012-இல் அரசாங்கமே விதியை மாற்றி, அவற்றையெல்லாம் கணக்கில் சேர்த்து, அதற்கு ஈடாக 35 விழுக்காடு கூடுதல் பரப்பைக் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்க வேண்டியதாயிற்று.

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். விதிப்படி கார் நிறுத்துவதற்குக் கட்டும் மாடிகள் எஃப்.எஸ்.ஐ. கணக்கில் வருவதில்லை. கோபுரத்தின் கீழே அடுக்கடுக்காகக் கார் மாடிகள் எழும்புகின்றன. காருக்கு மாடி கட்டினால் கணக்கில்லை. மனிதனுக்கு அறை கட்டினால் அடி அடியாகக் கணக்கு! நகரத்தின் குழாயும் சாக்கடையும் தாங்காது என்று சொன்ன அதே வாய், கட்டணம் கொடுத்தால் தாங்கும் என்கிறது.

வெளிச்சமும் அப்படித்தான். ஜன்னலுக்கு எதிரே விதி சொன்ன இடைவெளியை விடவில்லையா? குறைபாட்டுக் கட்டணம் கட்டினால் மாநகராட்சி மன்னித்துவிடும். அந்தக் கட்டணத்துக்குப் பிரீமியம் என்று பெயர். கட்டுகிறவன் பில்டர். இருட்டில் வாழப்போகிறவன் வேறொருவன். 2021-இல் தொழில் மந்தமாகிவிட்டது என்று சொல்லி, பிரீமியங்களில் பாதியை அந்த ஆண்டுக்கு அரசாங்கம் தள்ளுபடி செய்தது. தீபாவளிக்குத் துணிக்கடையில்தான் தள்ளுபடி பார்த்திருக்கிறோம். காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் தள்ளுபடி விற்பனை நடந்தது இந்த நகரத்தில்தான்.

சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள்

சட்டப்படி ஓர் அறை வாங்க வழியில்லாதவன் எங்கே போவான்? சட்டத்துக்கு வெளியே போவான். 2011 மக்கள்தொகைக் கணக்கில் மும்பையின் மக்கள் 1.24 கோடி, அவர்களில் ஏறத்தாழ 42 விழுக்காட்டினர் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். நகரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான மக்கள் விதிமீறியவர்கள் என்றால், குற்றம் மக்களிடம் இருக்கிறதா, விதியிடம் இருக்கிறதா?

நம் தமிழ் மக்கள் இதில் பட்ட பாடு நீதிமன்ற ஏட்டிலேயே பதிந்திருக்கிறது. 1961-இல் சேலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஒரு நிலமற்ற தொழிலாளி, சாலையோரத்தில் குடிசை போட்டு வாழ்ந்தார். 1981 ஜூலையில், கொட்டும் மழைக்காலத்தில், குடிசையைப் பிய்த்தெறிந்து குடும்பத்தோடு பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கே அனுப்பினார்கள். அங்கே வேலை இல்லை, திரும்பி வந்தார். நடைபாதை மக்களின் வழக்கில் அவரும் ஒரு மனுதாரர். 1985-இல் உச்சநீதிமன்றம், உயிர்வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று சொன்னது. சொல்லிவிட்டு, முறைப்படி அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. உயிருக்கு உரிமை உண்டு, அந்த உயிர் தங்கும் இடத்துக்கு இல்லை!

குடிசைப் பகுதியிலும் விதி நம்மை விட்டுவைக்கவில்லை. கோலியின் உயரம் 14 அடியைத் தாண்டக் கூடாது என்று மாநகராட்சி ஒரு வரம்பு வைத்தது. குடும்பம் பெருகினால் மேலே ஓர் அறை எழுப்புவதுதானே மனித இயல்பு? ஊரிலிருந்து புதிதாய் வருகிற தம்பிக்கும் மச்சானுக்கும் அந்த மேலறைதான் முதல் வாடகை வீடு. இந்த நகரம் உழைப்பாளிக்குத் தந்த மலிவான குடியிருப்பு என்றால் அது அந்த மேலறைதான். அதையும் உழைப்பாளியே கட்டிக்கொண்டான். அந்த அறைக்குத் தூண் எப்படி நிற்க வேண்டும், ஏணி எங்கே இருக்க வேண்டும், மின்கம்பி எப்படிப் போக வேண்டும் என்று சொல்லிக் கொடுக்க ஒரு விதி வந்திருந்தால் அதைப் பாதுகாப்பு என்று வரவேற்றிருப்போம். வந்தது இடிக்கும் விதி; இடிக்காமல் இருக்கக் கைநீட்டும் விதி.

மூன்று மீட்டர் வானம்

1995-இல் 40 லட்சம் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு என்ற வாக்குறுதியோடு ஓர் ஆட்சி வந்தது. எஸ்.ஆர்.ஏ. பிறந்தது. 225 சதுர அடி வீடு. 2008-இல் 269, பின்னர் 300 என்று அளவு உயர்ந்தது. கால் நூற்றாண்டு கடந்த பிறகும் சொன்ன எண்ணிக்கையில் பாதியைக்கூட எட்டவில்லை என்பது ஒருபுறம் இருக்கட்டும். கட்டித் தந்தது எப்படிப்பட்ட வீடு?

திட்டத்தின் உயிர்நாடி இதுதான்: குடிசைவாசிக்குப் பில்டர் இலவசமாகக் கட்டித் தருவான், அதற்குக் கூலியாகச் சந்தையில் விற்கும் பரப்பு அவனுக்குக் கிடைக்கும். பழைய விதிப்படி, ஏழைக்கு 1 சதுர அடி கட்டினால் பில்டருக்குத் தீவு நகரத்தில் 0.75, புறநகரில் 1, தாராவியில் 1.33 சதுர அடி. ஆகவே ஏழைகளை மனையின் எவ்வளவு சிறிய மூலையில் அடுக்க முடியுமோ, அவ்வளவுக்கு விற்பனைக் கோபுரத்துக்கு நிலம் மிஞ்சும். இங்கேதான் உயிர் காக்கும் விதிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

நெரிசலுக்கு மேல்வரம்பு விதிப்பதுதான் நகரங்களின் வழக்கம். எஸ்.ஆர்.ஏ. விதியிலோ நெரிசலுக்குக் கீழ்வரம்பு! ஒரு ஹெக்டேரில் 650 வீடுகளுக்குக் குறையக் கூடாது என்கிறது விதி. வீட்டுக்கு ஐந்து பேர் என்றால், இரண்டரை ஏக்கரில் 3,250 உயிர்கள். இதற்குக் குறைவாக நெருக்கினால் விதிமீறல்! கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையே 3 மீட்டர் போதும் என்ற சலுகை வேறு. வெள்ளைக்கார அதிகாரியின் கணக்குப்படி ஏழு மாடிக் கட்டடத்துக்குப் பத்து மீட்டருக்குமேல் விட வேண்டிய இடத்தில் மூன்று மீட்டர். எதிர்வீட்டுக்காரர் கையை நீட்டினால் நம் வீட்டுக் கம்பியில் துணி காயப்போடலாம். நடுவே நீளமான இருட்டு வராந்தா, இருபுறமும் வரிசையாகக் கதவுகள். பட்டப்பகலில் விளக்கெரிகிற வீடு. மின்கட்டணம் மட்டும் இலவசமில்லை!

கோவண்டி, மான்கூர்த் பக்கம் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் என்று இரண்டு மறுகுடியமர்வுக் காலனிகள் உண்டு. ரயில், சாலைத் திட்டங்களுக்காகத் தூக்கியெறியப்பட்டவர்கள் வாழுமிடம். டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற மருத்துவர் அமைப்பு அங்கே ஆய்வு நடத்தி 2018-இல் வெளியிட்டது. கீழ்த்தளங்களில் வெளிச்சமும் காற்றும் எட்டாத வீடுகளில் காசநோய் கூடுதலாக இருப்பதையும், கட்டடங்களுக்கிடையே தாராளமாக இடம் விட்ட அருகிலுள்ள பி.எம்.ஜி.பி. காலனியில் அது வெகுவாகக் குறைந்திருப்பதையும் அந்த ஆய்வு எடுத்துக் காட்டியது. ஒரே பகுதி, ஒரே வறுமை, ஒரே உழைப்பு. வித்தியாசம் கட்டடங்களின் அமைப்பில். குடிசையில் இருந்தபோது கதவைத் திறந்தால் சந்தாவது இருந்தது. பக்கா வீடு கிடைத்தது என்று மகிழ்ந்தவனுக்கு வீட்டோடு நோயும் வந்து சேர்ந்தது.

தீக்கு ஏழை பணக்காரன் தெரியாது

2023 அக்டோபர் 6, விடியற்காலை. கோரேகாவ் மேற்கில் ஜெய் பவானி என்ற எஸ்.ஆர்.ஏ. கட்டடத்தில் தீ. வண்டிகளும் தட்டுமுட்டுச் சாமான்களும் கிடந்த கீழ்த்தளத்தில் பற்றியது. புகை மாடிகளுக்கு ஏறியது. மாண்டவர்கள் ஏழு பேருக்குக் குறையாது; காயம்பட்டவர்கள் நாற்பது பேருக்கு மேல்.

2006-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரத் தீத்தடுப்புச் சட்டம், ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், தீயணைப்புக் கருவிகள் வேலை செய்கின்றன என்ற சான்றிதழைக் கட்டடத்தின் உரிமையாளர் தர வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் எஸ்.ஆர்.ஏ. கட்டடத்தின் உரிமையாளர் யார்? வீட்டு வேலைக்குப் போகிற அக்காவும் இட்லி விற்கிற அண்ணனும் சேர்ந்த சொசைட்டி. லிப்ட் பழுதாக, மோட்டார் எரிந்துபோக, குழாய் துருப்பிடிக்க, பணத்துக்கு எங்கே போவார்கள்? பராமரிப்புக்கென்று பில்டர் வீட்டுக்கு 20,000 ரூபாய் வைப்பு வைக்க வேண்டும் என்று முதலில் இருந்தது. பின்னர் 40,000 ஆயிற்று. அதன் வட்டியில் ஓர் ஏழு மாடிக் கட்டடத்தின் லிப்ட்டும் பம்பும் தீக்குழாயும் ஓட வேண்டுமாம்! யானையைக் கொடுத்துவிட்டு ஒருபிடி புல்லையும் சேர்த்துக் கொடுத்த கதைதான்.

உயரமாகக் கட்டு என்று ஆணையிடுகிற விதி, அந்த உயரத்தைக் காப்பாற்றும் செலவை மட்டும் ஏழையின் தலையில் கட்டுகிறது. செலவு தாங்காமல் குடும்பங்கள் வீட்டை விற்றுவிட்டு மறுபடி குடிசைக்குப் போனால், பார்த்தாயா, இவர்களுக்கு வீடு கொடுத்தாலும் தங்கமாட்டார்கள் என்று ஏளனம் செய்கிறார்கள்.

விதியே வேண்டாமா?

இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்சேபம் வரும். முதலாவது, பில்டர்களின் ஆட்கள் சொல்வது: விதிகள்தான் வீட்டுப் பஞ்சத்துக்குக் காரணம், எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் சந்தையே வீடு கட்டித் தரும் என்பது. விதியில்லாத சந்தை என்ன கட்டும் என்பதை 2013 ஏப்ரல் 4 அன்று மும்ப்ரா அருகே ஷீல் பாட்டாவில் பார்த்தோம். அனுமதியின்றி அவசர அவசரமாக எழுப்பிய கட்டடம், மேலே இன்னொரு மாடி ஏறிக்கொண்டிருக்கும்போதே சரிந்தது. 74 உயிர்கள் போயின. கட்டிய கூலிகளும் அதில் தங்கியிருந்த ஏழைகளுமே செத்தவர்கள். உயிர் காக்கும் விதி கிடையாது என்றால் முதல் பலி உழைப்பாளி.

இரண்டாவது ஆட்சேபம் நல்லெண்ணம் உள்ளவர்களிடமிருந்தே வரும்: வெளிச்சம், இடைவெளி என்று பேசினால் வீடுகளின் எண்ணிக்கை குறைந்துவிடாதா, கிடைக்கிற வீடும் கிடைக்காமல் போகுமே என்பது. நியாயமான கவலை. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு குடிசைப் பகுதியில் எத்தனை குடும்பங்களுக்கு வீடு என்பதைத் தகுதிப் பட்டியல் ஏற்கெனவே முடிவு செய்துவிடுகிறது. நம் கட்டடங்களுக்கிடையே ஏழு மீட்டர் அதிகம் விட்டால், பட்டியலில் ஒரு பெயரும் குறையாது. விற்பனைக் கோபுரத்துக்கு மிஞ்சும் நிலம்தான் குறையும். ஆகவே நம் வெளிச்சம் மோதுவது இன்னொரு ஏழையின் வீட்டோடு அல்ல, பில்டரின் இலாபத்தோடு.

வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க எதைத் தளர்த்தலாம் என்று கேட்கிறார்களா? தளர்த்த எவ்வளவோ இருக்கிறது. கார் மாடிக் கட்டாயத்தைத் தளர்த்துங்கள். சின்ன மனையில் நாலு மாடி, சின்னச் சின்ன அறைகள், வாடகைக்கு விடும் கட்டடம் என்று எளிதாக அனுமதி கிடைக்க வழி செய்யுங்கள். பிரீமியம், முத்திரை, மேசைக்கு மேசை ஃபைல் என்று ஏறும் செலவைக் குறையுங்கள். படிக்கட்டு, காற்று, வெளிச்சம், தீயணைப்பு வண்டி நுழைய 6 மீட்டர் வழி: இவற்றில் மட்டும் கைவைக்காதீர்கள்.

தாராவியின் வாசலில்

இதையெல்லாம் இப்போது பேசக் காரணம் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த நம் முன்னோர், சதுப்பு நிலத்தை மண்கொட்டி மேடாக்கி ஊராக்கிய இடம். 2022-இல் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு அதானி குழுமம் இத்திட்டத்தைப் பெற்றது. கூட்டு நிறுவனத்தில் அவர்களுக்கு 80 பங்கு, மாநில அரசுக்கு 20. 2025 மே மாதத்தில் முதன்மைத் திட்டத்துக்கு அரசாங்கம் ஒப்புதல் அளித்தது.

2000-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் வாழ்பவருக்கு தாராவிக்குள் 350 சதுர அடி. 2000-க்கும் 2011-க்கும் இடையே வந்தவர் 2.5 லட்சம் ரூபாய் கட்டினால் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி. மேலறையில் வாழ்பவருக்கு வெளியே, வாடகைக்கோ தவணைக்கோ. நாம் சொன்ன அந்த மேலறைதான். இத்தனை காலம் நகரத்துக்குக் கூலிக்காரனை இருத்திக் கொடுத்த மேலறை, இன்று அவனை வெளியே அனுப்பும் காரணமாகிறது.

வெளியே என்றால் எங்கே? ஒதுக்கப்பட்ட இடங்களில் உப்பளங்களும் இருக்கின்றன. தேவ்னார் குப்பைக் கிடங்கின் 124 ஏக்கரும் இருக்கிறது. 1927 முதல் இந்த நகரம் குப்பை கொட்டிவந்த மேடு அது. மூடிய குப்பைக் கிடங்கின் மீதும் அதை ஒட்டியும் குடியிருப்பு கட்டலாகாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். குப்பையை அகற்றிவிட்டுத்தான் கட்டுவோம் என்கிறார்கள். அகற்றிய பிறகு மண்ணையும் காற்றையும் சோதித்து, பாதுகாப்பானது என்று சொல்லப்போவது யார்? எந்த விற்பனைக் கோபுரத்தையாவது அங்கே கட்ட முன்வந்தார்களா?

நம் கோரிக்கை

மறுவாழ்வுக் கட்டடத்துக்கும் விற்பனைக் கட்டடத்துக்கும் இடைவெளி, வெளிச்சம், தீத்தடுப்பு ஆகியவற்றில் ஒரே விதி வேண்டும். 650 என்கிற கீழ்வரம்பு ஒழிந்து, நெரிசலுக்கு மேல்வரம்பு வேண்டும். லிப்ட், பம்பு, தீக்கருவிப் பராமரிப்பை விற்பனைக் கோபுரத்தின் வருமானத்திலிருந்து நிரந்தரமாக ஏற்க வேண்டும். திட்டத்துக்குள் வராத குடிசைப் பகுதிகளில், மக்கள் தாமே கட்டிய மேலறைகளை இடிக்காமல், எஞ்சினியரை அனுப்பிப் பலப்படுத்த வேண்டும். தேவ்னாரில், அரசும் கம்பெனியும் சாராத நிபுணர்களின் சோதனை முடிவு மக்கள் முன் வைக்கப்படும்வரை ஒரு செங்கலும் வைக்கக் கூடாது.

மற்ற எஸ்.ஆர்.ஏ. திட்டங்களில் பில்டருக்கு முன்பு 70 விழுக்காடு மக்களின் சம்மதம் தேவைப்பட்டது. அதை 51 ஆகக் குறைத்தார்கள். தாராவியில் அதுவும் தேவையில்லை என்றாக்கிவிட்டார்கள். ஆகவே கையெழுத்துக் கேட்டு வருகிறவன் நீட்டும் காகிதத்தில், வீடு எத்தனை சதுர அடி என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு சந்திலும் சொசைட்டியிலும் நாலு பேர் கூடி வரைபடத்தைக் கேளுங்கள். எதிர்க்கட்டடம் எத்தனை மீட்டர் தள்ளி? கீழ்த்தளத்து ஜன்னலுக்கு வெயில் எப்போது வரும்? படிக்கட்டு எத்தனை? தீயணைப்பு வண்டி எந்தப் பக்கம் நிற்கும்? லிப்ட்டுக்குப் பத்து வருடம் கழித்து யார் பணம் கொடுப்பது? விடையைத் தமிழிலோ மராத்தியிலோ இந்தியிலோ, மக்களுக்குப் புரிகிற மொழியில், எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி வேண்டாம்.

அளவுநாடா இருபது ரூபாய், முப்பது ரூபாய். பில்டரிடமும் அதிகாரியிடமும் இருக்கிற அதே அளவுநாடா நம் கையிலும் இருக்கட்டும்.